நடுக்கடல் பாசி கரைக்கு வந்த கதை

2025 மே கடைசியில், டல்லாஸில் இருக்கும் என் அத்தை மகன் வாட்ஸாப்பில் ஒரு குரல்செய்தி அனுப்பியிருந்தான். குடும்பத்தோடு மெக்சிகோவின் கான்கூன் பக்கம் விடுமுறைக்குப் போயிருந்தான்.

"மாப்ள, கடல்ல கால் வைக்க முடியல. கரை பூரா வைக்கோல் போரைப் பிரிச்சுப் போட்ட மாதிரி பழுப்பா கெடக்கு. அழுகுன முட்டை நாத்தம். புள்ளைங்க ரெண்டு நாளா நீச்சல் குளத்துலயே கெடக்குதுங்க. ஓட்டல்காரன் போட்டிருந்த ஒரு போட்டோவுல கூட இது இல்லடா!"

அந்தக் கடைசி வாக்கியத்தில் மாட்டிக்கொண்டேன். போட்டோவில் இல்லாதது ஏன் கரையில் இருக்கிறது என்று தேட ஆரம்பித்தேன். போகப் போகக் கேள்வி தலைகீழாகிவிட்டது. கரையில் இருப்பது ஏன் போட்டோவில் இல்லை? அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு.

முதலில் பாசியைப் பார்ப்போம். இதன் பெயர் சர்காசம். நமக்கு அந்நியமான வகை ஒன்றும் இல்லை. மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் 'கட்டக்கோரை' என்று சொல்லி எடுத்து விற்கிறார்களே, அதுவும் இதே இனம்தான். ஆனால் நம் ஊர் கட்டக்கோரை பாறையைப் பிடித்துக்கொண்டு வளரும். அட்லாண்டிக்கில் மிதக்கும் இரண்டு வகைகளுக்குப் பாறையும் வேண்டாம், தரையும் வேண்டாம். மிளகளவு காற்றுப்பைகள் கொத்துக் கொத்தாக இருப்பதால் வாழ்நாள் முழுக்க மிதந்தபடியே இருக்கும். ஒரு துண்டு உடைந்தால் அதுவே தனிச் செடியாக வளர ஆரம்பித்துவிடும். விதை, வேர் என்ற பேச்சே இல்லை.

இந்தப் பாசியைப் பற்றிய பழைய குறிப்புகளில் மிகப் பிரபலமானது கொலம்பஸுடையது. 1492 செப்டம்பர் 16 அன்று, பச்சைப் பச்சையாகப் பாசிக் கொத்துகள் மிதப்பதை அவருடைய ஆட்கள் பார்க்கிறார்கள். பாசி இருந்தால் பக்கத்தில் கரை இருக்க வேண்டும் என்பது மாலுமிகளின் அனுபவக் கணக்கு. மூன்று நாள் கழித்துக் கயிறு விட்டு ஆழம் பார்த்தார்கள். 200 பாகம் இறங்கியும் தரை தட்டவில்லை. தட்டியிருக்கவும் முடியாது. அங்கே ஆழம் கிலோமீட்டர் கணக்கில். கப்பல் பாசியில் சிக்கிக்கொள்ளுமோ, அடியில் பாறை இருக்குமோ என்ற பயம் பல நாள் அவர்களை விடவில்லை.

அந்தப் பகுதிக்குத்தான் பிறகு சர்காசோ கடல் என்று பெயர் வந்தது. பாசியின் காற்றுப்பைகளைப் பார்த்த போர்ச்சுகீசிய மாலுமிகளுக்குத் தங்கள் ஊர்த் திராட்சை ஒன்று நினைவுக்கு வந்து அந்தப் பெயரை வைத்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. உலகத்தில் கரையே இல்லாத கடல் இது ஒன்றுதான். நான்கு பக்கமும் நீரோட்டங்களே எல்லை. நடுவில் தண்ணீர் மெதுவாகச் சுழல, பாசி அங்கேயே தேங்கும். காற்றுக் குறைவான பகுதி என்பதால் பாய்க்கப்பல்கள் நகராமல் நின்றதும் உண்டு. பழி பாசியின் மேல் விழுந்தது. கப்பல்களைப் பிடித்து விழுங்கும் கடல் என்று கதைகள் கிளம்பின. ஜூல்ஸ் வெர்னின் நாவல் வரை அந்தக் கடல் வந்துவிட்டது.

உண்மையில் அது விழுங்கவில்லை, வளர்த்துக்கொண்டிருந்தது. ஆமைக்குஞ்சுகள் அந்தப் பாசிக்குள் ஒளிந்து வளர்கின்றன. பாசியின் நிறத்திலேயே ஒரு மீன், அதைத் தவிர வேறெங்கும் தங்காமல் வாழ்கிறது. ஐரோப்பிய ஆறுகளில் இருக்கும் விலாங்கு மீன்கள் முட்டையிட அந்தக் கடலுக்குத்தான் போகின்றன. டென்மார்க்கின் யோஹான்னஸ் ஷ்மிட் இதைக் கண்டுபிடித்துச் சொன்னது 1920-களில்.

ஆக, சுமார் ஐந்நூறு வருஷமாக மனிதன் இந்தப் பாசியைத் தேடித்தான் போக வேண்டியிருந்தது. கரீபியன் கரைகளுக்கும் அவ்வப்போது கொஞ்சம் ஒதுங்கும். அலை கொண்டு வரும், அலையே கொண்டு போகும். யாரும் அதை ஒரு பிரச்சினையாகப் பேசவில்லை.

இப்போது போட்டோவின் கதை. கான்கூன் தானாக வளர்ந்த ஊர் இல்லை. 1960-களின் கடைசியில், அந்நியச் செலாவணி வேண்டும் என்று மெக்சிகோவின் மத்திய வங்கி கணக்குப் போட்டு, எங்கே ஓட்டல் நகரம் கட்டலாம் என்று நாடு முழுக்க இடம் தேடியது. கிடைத்தது, தென்னந்தோப்புக் காவல்காரர்கள் சிலரைத் தவிர ஏறக்குறைய யாருமில்லாத ஒரு மணல் திட்டு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயல். 1970-ல் வேலை தொடங்கியது, 1974-ல் முதல் ஓட்டல்கள் திறந்தன. அதே 1974-ல்தான் கிந்தானா ரோ என்ற அந்தப் பகுதியே தனி மாநிலமானது. கரை முதலில், மாநிலம் பிறகு என்று கூடச் சொல்லலாம்.

அந்த மணலும் நிலையானது இல்லை. 1988-ல் கில்பர்ட் புயல், 2005-ல் வில்மா புயல். வில்மா போன பிறகு ஓட்டல்களுக்கு முன்னால் பல இடங்களில் மணலே இல்லை, வெறும் பாறைதான். கடலடியிலிருந்து மணலை உறிஞ்சிக் குழாய் வழியாகக் கொண்டு வந்து கொட்டினார்கள். அதுவும் அரித்துப் போக, சில வருஷத்தில் மறுபடி கொட்டினார்கள். என் அத்தை மகன் பார்த்துவிட்டுப் போன அந்த வெள்ளை மணல் படம், இப்படிச் செய்து செய்து காப்பாற்றி வைக்கப்பட்டது. சும்மா கிடந்த இயற்கை அல்ல அது, பராமரிக்கப்படும் ஒரு சரக்கு.

அந்தச் சரக்கின் மேல்தான் 2011-ல் பாசி வந்து விழுந்தது.

அந்த வருஷம் கிழக்குக் கரீபியன் தீவுகளில் யாரும் பார்த்திராத அளவுக்குப் பாசி ஒதுங்கியது. இந்தப் பக்கம் பார்படோஸ் என்றால், அட்லாண்டிக்கின் அந்தப் பக்கம் மேற்கு ஆப்பிரிக்காவில் சியரா லியோன், கானா கரைகளிலும் அதே கதை. சர்காசோ கடல்தான் இடம் பெயர்ந்துவிட்டது என்று முதலில் பலரும் நினைத்தார்கள். செயற்கைக்கோள் படங்களைப் பின்னோக்கிப் பார்த்தபோது, பாசி புறப்பட்ட இடம் அதற்கு வெகு தெற்கே, பிரேசிலின் வடகரைக்கு அப்பால் என்று தெரிந்தது. அதாவது, வெப்பமண்டல அட்லாண்டிக்கில் புதிதாக ஒரு பாசிக்காடு உருவாகியிருந்தது.

2019-ல் தென் ஃப்ளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதற்கு ஒரு பெயர் வைத்தார்கள்: மாபெரும் அட்லாண்டிக் சர்காசப் பட்டை. 2018 ஜூனில் அதன் நீளம் சுமார் 8,850 கிலோமீட்டர். காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை உள்ள தூரத்தைப் போல இரண்டரை மடங்குக்கு மேல். எடை 2 கோடி டன்னுக்கு மேல். 2011-க்குப் பிறகு 2013-ஐத் தவிர ஒவ்வொரு வருஷமும் அது வந்துகொண்டிருக்கிறது. 2025 மே மாதத்தில் 3 கோடியே 75 லட்சம் டன் என்று அவர்கள் கணக்குச் சொன்னார்கள். அதுவரை பதிவானதிலேயே அதிகம். நம்மாள் சரியாக அந்த மாதம் பார்த்துத்தான் போயிருக்கிறான்!

ஏன் இப்படி? 2009–10 குளிர்காலத்தில் காற்று வழக்கத்துக்கு மாறாக வீசி, சர்காசோ கடலின் பாசியைத் தெற்கே தள்ளிவிட்டது என்பது ஒரு விளக்கம். அங்கே வந்த விதைப்பாசிக்கு வெயிலும் சத்தும் கிடைத்தன. சத்து எங்கிருந்து என்பதில்தான் வாக்குவாதம். அமேசான் ஆறு கொண்டு வரும் உரமும் மண்ணும் என்கிறார்கள் சிலர். ஆழ்கடல் நீர் மேலெழும்போது கூடவே வரும் சத்துதான் முக்கியம் என்கிறார்கள் வேறு சிலர்.

சரி, கரைக்கு வருவோம். தண்ணீரில் மிதக்கும்வரை பாசியால் நமக்குத் தொல்லை இல்லை. கரையில் குவிந்து இரண்டு நாள் ஆனால் அழுக ஆரம்பிக்கும். அப்போது வருவதுதான் ஹைட்ரஜன் சல்பைடு, அந்த அழுகின முட்டை நாற்றம். உடனே விடுமுறைக்காரர்கள் அறையை ரத்து செய்தார்கள், பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள், படம் எடுத்துப் போட்டார்கள். அரசாங்கங்கள் அசைந்தன. 2015-ல் டொபேகோ இதை இயற்கைப் பேரிடர் என்று அறிவித்தது. 2018 ஜூனில் பார்படோஸ் அவசரநிலை அறிவித்தது. 2019-ல் மெக்சிகோ அதிபர் லோபெஸ் ஓப்ரதோர், இது அவ்வளவு பெரிய விஷயம் இல்லை என்ற தொனியில் பேசினார். பேசினாரே தவிர, பாசி அள்ளும் பொறுப்பை ஒப்படைத்தது கடற்படையிடம்! கடலில் மிதவைத் தடுப்புகள், பாசி அள்ளும் படகுகள், கரையில் டிராக்டர்கள் என்று ஒரு புதுத் தொழிலே உருவாகிவிட்டது.

இன்று கிந்தானா ரோ கரைக்குத் தினமும் ஒரு வரைபடம் வெளியாகிறது. சிக்னல் விளக்கு மாதிரி, பாசி குறைந்த கரை பச்சை, குவிந்த கரை சிவப்பு. பயணி காலையில் அதைப் பார்த்துவிட்டுப் பச்சைப் பக்கம் டாக்சி பிடித்துப் போகலாம்.

இந்த இடத்தில்தான் எனக்கு உறுத்தியது. சிவப்புப் புள்ளியில் வீடு இருப்பவர்கள் எங்கே போவார்கள்?

பிரான்சின் ஆட்சியில் இருக்கும் குவாதலூப், மார்த்தினிக் தீவுகளைப் பாருங்கள். 2018-ல் எட்டே மாதத்தில், பாசி வாயுவால் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று மருத்துவர்களிடம் வந்தவர்கள் 11,000 பேருக்கு மேல். தலைவலி, குமட்டல், கண் எரிச்சல், மூச்சுத்திணறல். கரையோர வீடுகளில் டி.வி., ஃப்ரிட்ஜ், ஏ.சி. எல்லாம் அடுத்தடுத்துக் கெட்டுப்போகின்றன. அந்த வாயு உலோகத்தை அரிக்கும். நாற்றம் என்று பயணி மூன்று நாளில் கிளம்பிவிடுகிறார். குடியிருப்பவர் மாதக்கணக்கில் அதையே சுவாசிக்கிறார்.

தேடிக்கொண்டே போனபோது, பாசி அடிக்கடி குவியும் ஊர்களின் பட்டியலில் ஒரு பெயர் கண்ணில் பட்டது: குவாதலூப்பின் காப்பெஸ்தேர்-பெல்-ஓ. இந்தப் பெயரை வேறு ஒரு விஷயத்துக்காக நான் முன்பே குறித்து வைத்திருந்தேன். அடிமைமுறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று, புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கப்பலேற்றப்பட்ட நம் மக்கள் குவாதலூப்பில் முதலில் இறங்கியது 1854 டிசம்பரில். அடுத்த முப்பத்தைந்து வருஷத்தில் சுமார் 42,000 பேர் அந்தத் தீவுக்குப் போனார்கள். அவர்களின் வாரிசுகள் கட்டிய கோபுரத்தோடு கூடிய கோயில் இந்த ஊரில்தான் இருக்கிறது. தமிழ் பேச்சில் இல்லாமல் போனாலும் மாரியம்மன் வழிபாடு போகவில்லை. அந்தக் கோயில் இருக்கும் ஊரின் கடற்கரையில்தான் இன்று பாசி அழுகிக்கொண்டிருக்கிறது. வரைபடத்தில் பார்த்தால் அது வெறும் சிவப்புப் புள்ளி.

அள்ளினால் தீர்ந்துவிடுமா என்றால், அதுவும் சுலபமில்லை. கனரக இயந்திரம் இறக்கினால் பாசியோடு மணலும் போகும், ஆமை முட்டைக் குழிகளும் நசுங்கும். விட்டுவிட்டால், பொரித்து வரும் குஞ்சுகளால் குவியலைத் தாண்டிக் கடலுக்குப் போக முடியாது. கரையோரத் தண்ணீர் காபி நிறத்துக்கு மாறி, கடற்புல்லும் செத்துவிடும். அள்ளியதைக் கொட்டுவது எங்கே? யுகடான் பகுதி முழுக்கச் சுண்ணாம்புப் பாறை, சல்லடை மாதிரி. பாசியில் இருக்கும் உப்பும் ஆர்சனிக்கும் மழையில் கரைந்து நேராக நிலத்தடி நீருக்குப் போகும். ஓட்டல் வாசல் சுத்தமாகிறது, குப்பை உள்ளூர்க்காரரின் கிணற்றுப் பக்கம் நகர்கிறது.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு யாரும் உட்காரவில்லை. மெக்சிகோவின் புவர்த்தோ மொரேலோஸில் ஓமர் வாஸ்கெஸ் என்பவர் பாசியைக் கலந்து செங்கல் செய்து 2018-ல் ஒரு வீடே கட்டினார். பார்படோஸில் வெஸ்ட் இண்டீஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ரம் ஆலைக் கழிவோடு பாசியைச் சேர்த்துக் கார் ஓட்ட எரிவாயு எடுக்கிறார்கள். நல்ல முயற்சிகள்தான். ஆனால் கோடி டன் கணக்கில் வருகிற பாசிக்கு முன்னால் இவை கை அளவு. அதில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால், அள்ளிக் காயவைப்பதே பெரிய செலவு.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. பாசி பெரும்பாலும் மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை அதிகம். தீவுகளில் கிழக்குக் கரையில்தான் முதலில் மோதும், மேற்குக் கரை பெரும்பாலும் தப்பிக்கும். பார்படோஸானாலும் கோஸுமெல் ஆனாலும் இதே கணக்குதான்.

இதையெல்லாம் அத்தை மகனிடம் போனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இருந்தாலும் காலையில அஞ்சு மணிக்கே ஆளுங்க வந்துடுவாங்கடா. முள்கரண்டியும் தள்ளுவண்டியுமா ஒரு இருபது பேர். நாங்க காபி குடிக்க வர்றதுக்குள்ள பாதி அள்ளிடுவாங்க" என்றான்.

"மூஞ்சிக்கு ஏதாவது மாட்டியிருந்தாங்களா? மாஸ்க் மாதிரி?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "கவனிக்கலையே மாப்ள" என்றான்.

அவனைக் குறை சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டேன். அந்தக் கரையை அப்படிப் பார்க்கத்தான் ஐம்பது வருஷமாக நம்மைப் பழக்கியிருக்கிறார்கள்.