நாய்க்கடி ஊசியும் மையலின் சிதைவும்

நரம்பிழையைப் போர்த்தியிருக்கும் மையலின் உறை சிதைவதால் பல நோய்கள் உண்டாகின்றன. இவற்றுள் பெரும்பாலானவை நரம்பு மண்டலத்தின் ஒரு பகுதியையே தாக்கும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் மூளையையும் தண்டுவடத்தையும் தாக்குகிறது. கில்லன்-பாரே நோய் புற நரம்புகளைத் தாக்குகிறது. மைய நரம்பு மண்டலத்தில் ஆலிகோடென்ட்ரோசைட்டுகளும் புற நரம்புகளில் ஸ்வான் செல்களும் என வெவ்வேறு செல்கள் இவ்வுறையை உருவாக்குகின்றன. இரு பகுதிகளையும் விட்டுவைக்காத நோய்கள் அரியவை. அவற்றுள் ஒன்று, மனிதன் தானே தயாரித்த மருந்தால் வந்தது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று தமிழ்நாட்டில் முதியவர்கள் சொல்வார்களே, அந்த ஊசிதான் அது.

1885 ஜூலை 6 அன்று பாரிசில் லூயி பாஸ்டர், நாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்ற சிறுவனுக்குத் தன் தடுப்பு மருந்தைக் கொடுத்தார். வெறிநோய்க் கிருமி ஏற்றப்பட்ட முயலின் தண்டுவடத்தை உலர்த்தி எடுத்த மருந்து அது. சிறுவன் பிழைத்தான். ஆனால் வேறு சிலருக்கு ஊசி போட்டுக்கொண்ட பின் கால்கள் செயலிழந்தன. அது கிருமியின் வேலையா, மருந்தின் வேலையா என்பது நெடுநாள் வரை தீராத வழக்காக இருந்தது.

1911இல் இமயமலை அடிவாரத்துக் கசௌலியில் டேவிட் செம்பிள், கிருமியைப் பீனால் கொண்டு செயலிழக்கச் செய்து ஒரு மருந்து தயாரித்தார். இதற்கு ஆட்டு மூளை பயன்பட்டது. மலிவானது, உள்ளூரிலேயே செய்யக்கூடியது. 1907இல் தொடங்கப்பட்ட குன்னூர் பாஸ்டர் நிலையமும் ஆட்டு மூளை மருந்தைப் பல்லாண்டுகள் தயாரித்துத் தென்னாட்டுக்கு வழங்கியது. கிருமி செயலிழந்துவிட்டது, ஆனால் மூளைத் திசு அப்படியே இருந்தது. ஆபத்தும் அதில்தான் இருந்தது.

ஊசி தொடங்கிய ஓரிரு வாரங்களில் சிலருக்குக் காய்ச்சலும் தலைவலியும் வரும். பிறகு சிறுநீர் அடைக்கும், கால்கள் தளரும். ஒருவருக்கு மூளை அழற்சி, மற்றொருவருக்குத் தண்டுவட அழற்சி, வேறொருவருக்குப் புற நரம்பு வாதம், சிலருக்கு இவை கலந்தும் வந்தன. பலர் தேறினர், சிலர் நிரந்தரமாக முடங்கினர், சிலர் இறந்தனர். பாதிப்பின் அளவு இடத்துக்கு இடம் வேறுபட்டது. சில நூறு பேரில் ஒருவர் முதல் சில ஆயிரம் பேரில் ஒருவர் வரை எனக் கணக்குகள் உள்ளன. மருத்துவரின் நிலைதான் கடினமானது. வெறிநோயிலும் வாத வகை ஒன்று உண்டு, அதுவும் இப்படியே தொடங்கும். ஊசியால் வந்த வாதம் என்று நினைத்து ஊசியை நிறுத்தினால், கடித்தது உண்மையிலேயே வெறிநாயாக இருந்து நோய் கண்டுவிட்டால் மரணம் உறுதி. ஊசியைக் குறைகூறுவது எளிது. அன்று அதைவிட்டால் ஏழைக்கு வேறு வழியே இருக்கவில்லை.

குற்றவாளி மூளைத் திசுதான் என்பதை நியூயார்க்கின் ராக்பெல்லர் நிலையத்தில் தாமஸ் ரிவர்ஸ் காட்டினார். 1933இலும் 1935இலும் வெளியான ஆய்வுகளில், அவரும் உடன் ஆய்வாளர்களும் குரங்குகளுக்கு வெறிநோய்க் கிருமி இல்லாத முயல் மூளைச் சாற்றைப் பலமுறை ஊசியாகச் செலுத்தினர். சில குரங்குகளுக்கு வாதம் கண்டது. அவற்றின் மூளையில் மையலின் சிதைந்திருந்தது. உடலின் எதிர்ப்பாற்றல் தன் நரம்பையே தாக்கும் என்ற கருத்துக்கு இது பெரும் சான்றாயிற்று. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் ஆராய்ச்சியில் இன்றும் கையாளப்படும் விலங்கு மாதிரி இதிலிருந்து வளர்ந்ததே. 1955இல் வாக்ஸ்மன், ஆடம்ஸ் இருவரும் புற நரம்புச் சாற்றை முயல்களுக்குச் செலுத்திப் புற நரம்புகளிலும் அழற்சியை உண்டாக்கினர்.

அதே 1955இல் சிலி நாட்டில் புவென்சாலிடாவும் பலாசியோசும் பிறந்து சில நாட்களே ஆன எலிக்குஞ்சுகளின் மூளையைப் பயன்படுத்தினர். அவ்வயதில் மையலின் மிகக் குறைவு என்பதே காரணம். பாதிப்பு வெகுவாகக் குறைந்தது, அற்றுப்போகவில்லை. வந்தவற்றிலும் புற நரம்பு வாதமே மிகுந்திருந்தது. 1987இல் தாய்லாந்து நோயாளிகளிடம் ஹெமச்சுதாவும் பிறரும் நடத்திய ஆய்வில், கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களின் இரத்தத்தில் மையலின் அடிப்படைப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் காணப்பட்டன. இந்தப் புரதம் மூளையின் மையலினிலும் உண்டு, புற நரம்பின் மையலினிலும் உண்டு. ஒரே ஊசி இரு மண்டலங்களையும் எப்படித் தாக்க முடிந்தது என்பது இதனால் ஓரளவு விளங்கியது.

மாற்று மருந்து அப்போதே இருந்தது. மனிதச் செல்களில் வளர்த்த தடுப்பூசி 1975-76இல் ஈரானில் வெறிகொண்ட விலங்குகள் கடித்த 45 பேருக்குப் போடப்பட்டது. ஒருவருக்கும் நோய் வரவில்லை. ஆனால் அதன் விலை ஏழை நாடுகளுக்கு எட்டாததாக இருந்தது. நரம்புத்திசு ஊசியைக் கைவிடும்படி உலக சுகாதார நிறுவனம் 1980களிலேயே கூறியும், இந்தியாவில் அதன் தயாரிப்பு 2004 டிசம்பரில்தான் நின்றது. செம்பிளின் மருந்து பிறந்து அப்போது 93 ஆண்டுகள் ஆகியிருந்தன. இன்று அரசு மருத்துவமனைகளில் நாய்க்கடிக்குக் கையில் போடப்படும் ஊசி செல் வளர்ப்பில் உருவானது. அதில் மூளைத் திசு இல்லை, வயிற்றிலும் போடுவதில்லை.