வாளுறையும் அடைப்புக்குறியும்

அம்மோனைட் என்றால் நம் ஊரில் பலருக்கும் தெரிந்த உருவம் சாளக்கிராமம். கண்டகி நதியில் கிடைக்கும் அந்தக் கறுப்புக் கல்லுக்குள் தெரியும் சக்கரம், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த ஓர் உயிரின் ஓடு. கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் தூரத்துச் சொந்தம். ஓடு சுருண்டிருக்கும், உள்ளே அறை அறையாகத் தடுத்திருக்கும், உயிர் கடைசி அறையில் குடியிருக்கும். பள்ளிப் புத்தகத்துப் படங்களிலும் இந்தச் சுருள்தான்.

சில அம்மோனைட்டுகள் சுருளவே இல்லை. பிறந்தபோது ஒரு மில்லிமீட்டர் அளவில் சின்னதாக ஒரு சுருள் போட்டுவிட்டு, அதன் பிறகு குச்சி மாதிரி நேராக வளர்ந்தன. அப்படிப்பட்ட ஒன்று பாண்டிச்சேரிப் பக்கம் கிடைத்தது. அதை விவரித்து, பெயர் வைத்து, வகைப்படுத்தி முடிக்க ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின. ஒரு குச்சிக்கு எதற்கு இவ்வளவு நேரம்?

1840களின் தொடக்கத்தில் மதராஸ் அரசுப் பணியில் இருந்த கேய், கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் மூன்று இடங்களில் கல்லான சிப்பிகளைச் சேகரித்தார்கள்: பாண்டிச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளி. இருவரும் நிலவியல் படித்து வேலைக்கு வந்தவர்கள் இல்லை. சேகரித்ததை லண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே அவை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் கைக்குப் போயின.

ஃபோர்ப்ஸுக்கு அப்போது முப்பது வயதுகூட நிரம்பவில்லை. ஐல் ஆஃப் மேன் தீவுக்காரர். ஈஜியன் கடலில் கப்பலில் போய்த் தூர்வலை போட்டுக் கடலடி உயிர்களை ஆழவாரியாகப் பட்டியல் எடுத்தவர். கிங்ஸ் காலேஜில் தாவரவியல் பேராசிரியர் பதவி, கூடவே ஜியாலஜிகல் சொசைட்டியின் சேகரிப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலை. தென்னிந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை. இந்தக் கற்களை வைத்து அவர் எழுதிய அறிக்கை 1846இல் அச்சானது.

அந்த அறிக்கையின் பெயர்ப் பட்டியல் நமக்கு வேடிக்கையாக இருக்கும். அம்மோனைட்டிஸ் இந்திரா, அம்மோனைட்டிஸ் பிரம்மா, சூர்யா, வருணா என்று ஒரு தேவலோகமே இருக்கிறது. சேகரித்தவருக்கு மரியாதையாக ஒரு 'கேயி' உண்டு. நேரான ஓட்டுக்கு மட்டும் அவர் கடவுளைத் தேடவில்லை, பார்த்ததைச் சொன்னார்: பாக்குலைட்டிஸ் வஜைனா. 'பாக்குலஸ்' என்றால் லத்தீனில் தடி. 'வஜைனா' என்பதற்கு லத்தீனில் முதல் பொருள் வாளுறை. உடற்கூறியல்காரர்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது பின்னாளில். ஆக, வாளுறை போன்ற தடி.

பாக்குலைட்டிஸ் என்ற பேரினம் அவர் உண்டாக்கியது இல்லை. 1799இலேயே லாமார்க் வைத்த பெயர் அது. அந்தப் பேரினத்தின் மாதிரி இனமான பாக்குலைட்டிஸ் வெர்ட்டிப்ராலிஸ் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரத்துச் சுண்ணாம்புப் பாறையைச் சேர்ந்தது. இந்த ஊர்ப்பெயரை நினைவில் வையுங்கள், திரும்ப வரும்.

ஒரு குச்சிக் கல்லைக் கையில் எடுத்தால் என்னவெல்லாம் பார்க்க வேண்டும்? முதல் கேள்வி, இது அம்மோனைட்தானா என்பது. அம்மோனைட்டுகளுக்கு வெகு காலம் முன்பே நேரான ஓடுள்ள வேறு கூட்டம் ஒன்று கடலில் இருந்தது, ஆர்த்தோசெராஸ் வகையறா. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். வித்தியாசம் அறைச்சுவர்களில். ஓட்டின் அறைகளைப் பிரிக்கும் ஒவ்வொரு சுவரும் வெளி ஓட்டைத் தொடும் இடத்தில் ஒரு கோடு விழும், அதைத் தையல்கோடு என்கிறார்கள். ஆர்த்தோசெராஸில் அது வளையல் மாதிரி எளிய வட்டம். பாக்குலைட்டிஸில் கீரை இலையின் விளிம்பு போல மடிந்து, மடிப்புக்குள் மடிப்பாகப் போகும். மேல் ஓடு உதிர்ந்த கல்லில் இந்தக் கோடுகள் செதுக்கியது போலத் தெரியும்.

இரண்டாவது, குழாய். எல்லா அறைகளையும் துளைத்துக்கொண்டு மெல்லிய குழாய் ஒன்று போகும். அறைகளிலிருந்து நீரை வெளியேற்றி, மிதப்பைச் சரிசெய்யும் ஏற்பாடு அது. ஆர்த்தோசெராஸில் பெரும்பாலும் நடுவில் ஓடும். அம்மோனைட்டில் ஓரமாக, வயிற்றுப் பக்கத்தை ஒட்டி ஓடும். குழாய் தெரிந்தால் எது வயிறு, எது முதுகு என்று தெரியும். உருண்டையான குச்சிக்கு இது சின்ன விஷயமில்லை. வயிறு எது என்று தெரியாமல் அடுத்த வரியை எழுத முடியாது.

அதன் பிறகு குறுக்குவெட்டு: வட்டமா, முட்டை வடிவமா, பேரிக்காய் வடிவமா? எவ்வளவு தூரத்துக்கு எவ்வளவு கனம் கூடுகிறது? பக்கங்களில் மேடு, பள்ளம், முடிச்சு உண்டா? எத்தனை வரிசை? தையல்கோட்டின் மடிப்புகள் எப்படி? இவ்வளவும் எழுதி, படமும் வரைந்தால்தான் அது விவரிப்பு. பெயர் என்பது அதன்மேல் ஒட்டும் சீட்டு.

சிக்கல் என்னவென்றால் பாக்குலைட்டிஸ் முழுசாகக் கிடைப்பது அபூர்வம். துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். ஆரம்பச் சுருள் உடைந்து போயிருக்கும், வாய் உடைந்து போயிருக்கும், நடுத்துண்டு மட்டும் மிஞ்சும். மெலிந்த துண்டு, தடித்த துண்டு இரண்டு கிடைத்தால் அவை ஒரே உயிரின் இளமையும் முதுமையுமா, இரண்டு இனமா? ஒன்றில் முடிச்சு இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. ஒரே இனத்துக்குள் உள்ள வேறுபாடா, புது இனமா? எல்லா வேறுபாட்டையும் கணக்கில் எடுத்தால் துண்டுக்கு ஒரு பெயர் வைக்க வேண்டி வரும். எதையும் எடுக்காவிட்டால் உலகத்துக் குச்சி எல்லாம் ஒரே குச்சி ஆகிவிடும். எந்த வேறுபாடு கணக்கில் வரும் என்று முடிவெடுப்பதுதான் வகைப்பாட்டின் முழு வேலையும்.

சரி, ஃபோர்ப்ஸ் வயதை எப்படிக் கணித்தார்? மூன்று ஊர்க் கற்களையும் ஐரோப்பியப் பட்டியலோடு ஒப்பிட்டார். எல்லாமே கிரெடேசியஸ் காலம் என்றார், அது சரி. அதற்குள் எது மூத்தது, எது இளையது? பாண்டிச்சேரிதான் மூத்தது, கிரெடேசியஸின் அடிமட்டம் என்றார். திருச்சியும் விருத்தாசலமும் அதற்குப் பிந்தியவை என்றார்.

இது தலைகீழ். பிரான்ஸில் ஆல்சிட் தோர்பினி, பாண்டிச்சேரிக் கற்கள் கிரெடேசியஸின் மேல்மட்டத்தைச் சேர்ந்தவை என்று மறுத்தார். பின்னால் வந்த வேலை எல்லாம் தோர்பினி பக்கம்தான் நின்றது.

ஃபோர்ப்ஸின் தடுமாற்றம் புரியாததல்ல. பாண்டிச்சேரிக் கூட்டத்தில் ஃபில்லோசெராஸ், லைட்டோசெராஸ் வழியில் வந்த பழைய பாணி அம்மோனைட்டுகள் நிறைய. இந்தியப் பெருங்கடல், பசிபிக் பக்கங்களில் இந்தப் பழைய குடும்பங்கள் கிரெடேசியஸின் கடைசிவரை தாக்குப்பிடித்தன. ஐரோப்பியப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு பார்க்கிறவருக்கு அவை வயது கூட்டித்தான் காட்டும்.

குச்சியாவது உதவியிருக்கக் கூடாதா? அங்கேதான் கதையே. 1842இல் தோர்பினியே கிரெடேசியஸ் அடிமட்டத்திலிருந்து ஒரு நேரான அம்மோனைட்டை விவரித்து, பாக்குலைட்டிஸ் நியோகோமியென்சிஸ் என்று பெயர் வைத்திருந்தார். ஆகவே 1846இல் குச்சி அம்மோனைட் என்பது கிரெடேசியஸின் இரு முனைகளிலும் இருந்த சரக்கு. வயதுக்குச் சாட்சி சொல்லாது.

அந்த நியோகோமியென்சிஸ் உண்மையில் பாக்குலைட்டிஸே இல்லை என்பது அரை நூற்றாண்டு கழித்துத் தெளிவானது. 1898இல் லோரி அதைப் பிரித்து போக்கியானைட்டிஸ் என்ற தனிப் பேரினம் ஆக்கினார். அம்மோனைட்டுகள் ஒரு முறைக்கு மேல் நேராக நிமிர்ந்திருக்கின்றன, வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு குடும்பத்தில். வௌவாலும் காக்கையும் பறக்கின்றன என்பதற்காக ஒரு குடும்பம் ஆகாது, அது மாதிரிதான். முதலில் கண்ணில் படும் அடையாளம் எதுவோ, அதுவே உறவைச் சொல்லாமல் போனது.

தரையில் இறங்கி வேலை செய்தவர்கள் அடுத்து வந்தார்கள். இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் ஹென்றி பிளான்ஃபோர்ட் இப்பகுதிப் பாறைகளை வரைபடமாக்கி ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று கீழிருந்து மேலாக மூன்று அடுக்குகளாகப் பிரித்தார். இன்றும் புழங்கும் பெயர்கள் இவை. அம்மோனைட்டுகளை எடுத்துக்கொண்டவர் மொராவியாவிலிருந்து கல்கத்தாவுக்கு வந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. 1860களில் அவர் எழுதிய பெரிய நூல்தான் தென்னிந்தியக் கிரெடேசியஸுக்கு அடிப்படை. வாளுறைக் குச்சிக்குள் ஒரு மாறுபாட்டைக் கவனித்து 'ஊட்டகோடென்சிஸ்' என்று உட்பெயர் வைத்தார். இந்த மண்ணின் ஊர்ப்பெயர் ஒன்று வெள்ளைக்காரன் காதில் விழுந்து லத்தீன் வால் முளைத்த வடிவம் அது. ஸ்டோலிச்கா 1874இல் யார்க்கண்ட் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் மலை உயரம் ஒத்துக்கொள்ளாமல் இறந்தார். லேயில் அவர் கல்லறை இருக்கிறது. வயது 36. ஃபோர்ப்ஸும் 39 வயதிலேயே போய்விட்டார்.

1895இல் ஃப்ரான்ஸ் காஸ்மட் வியன்னாவில் இருந்தபடி தென்னிந்தியக் கற்களை மறுபடி பார்த்து 'சிம்ப்ளெக்ஸ்' என்று இன்னொரு மாறுபாட்டைச் சேர்த்தார். 1926இல் லண்டனில் எல்.எஃப். ஸ்பாத் ஒரு முடிவெடுத்தார். சாதாரண பாக்குலைட்டிஸின் குறுக்குவெட்டு முட்டை மாதிரி. இந்த வாளுறைக் கூட்டத்திலோ வயிற்றுப் பக்கம் இழைப்புளி போட்டுச் சீவியது போலத் தட்டையாக இருக்கிறது. இது தனிப் பேரினம் ஆகத் தகுந்த வேறுபாடு என்று சொல்லி யூபாக்குலைட்டிஸ் என்று பெயரிட்டார். மாதிரி இனமாக அவர் எடுத்தது ஸ்டோலிச்காவின் ஊட்டகோடென்சிஸை. பிறகு தென்னாப்பிரிக்கா, மேற்கு ஆஸ்திரேலியா, சிலி, அமெரிக்கா, ஐரோப்பா என்று பல கடற்கரைகளில் யூபாக்குலைட்டிஸ் அடையாளம் காணப்பட்டது. உலகத்துக்கெல்லாம் அளவுகோல் நம் ஊர்க் கல்தான்.

1992இல் கென்னடி, ஹெண்டர்சன் இருவரும் பாண்டிச்சேரியின் சுருளாத அம்மோனைட்டுகளை முழுதாக மறுஆய்வு செய்து வெளியிட்டார்கள். அவர்கள் தந்த வயது மேல் மாஸ்ட்ரிக்டியன். கிரெடேசியஸின் கடைசிக் கட்டம் அது, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களோடு அம்மோனைட்டுகளும் அழிந்தபோது முடிந்த கட்டம். மூத்தது என்று ஃபோர்ப்ஸ் சொன்ன குச்சி, அந்த வம்சத்தின் கடைசித் தலைமுறைகளில் ஒன்று.

மாஸ்ட்ரிக்டியன் என்ற பெயர் லாமார்க்கின் முதல் தடி கிடைத்த அதே மாஸ்ட்ரிக்டிலிருந்து வந்தது. அந்தக் காலகட்டத்தை த்யூமோன் 1849இல்தான் பெயரிட்டார், ஃபோர்ப்ஸின் அறிக்கை வந்து மூன்று ஆண்டு கழித்து. மாஸ்ட்ரிக்ட் குச்சியும் பாண்டிச்சேரி குச்சியும் ஒரே காலத்துக் கடலில் நீந்தியவை. ஃபோர்ப்ஸ் அந்தக் கல்லைக் கையில் வைத்திருந்தபோது, அதைப் போட வேண்டிய இழுப்பறையே இன்னும் செய்யப்படவில்லை.

ஆக ஃபோர்ப்ஸ் தோற்றாரா? ஈஜியன் அனுபவத்தை வைத்து, முந்நூறு பாதத்துக்குக் கீழே (இங்கே பாதம் என்பது கடல் ஆழம் அளக்கும் ஆறடி அளவு) கடலில் உயிரே இருக்காது என்று சொன்னவரும் இவர்தான். அதுவும் பிறகு பொய்த்தது. இரண்டு பெரிய முடிவுகள், இரண்டும் தப்பு. ஆனால் அவருடைய விவரிப்பையும் படத்தையும் யாரும் தூக்கி எறியவில்லை. கற்கள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஸ்டோலிச்காவின் கற்கள் கல்கத்தாவில். அவர் முடிவை மறுத்தவர்களும் அவர் எழுதி வைத்ததைக் கொண்டேதான் மறுத்தார்கள். கேயும் கன்லிஃபும் செய்த மிகப் பெரிய காரியம் மூன்று ஊர்க் கற்களையும் ஒரே கூடையில் கொட்டாமல் இருந்ததுதான். கலந்திருந்தால் எது மேல், எது கீழ் என்று திருத்தவே வழியில்லை.

நான் பிழைப்புக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறவன். எங்கள் வேலையில் ஒரு வரியை யார் மாற்றினாலும் யார், எப்போது என்று வரலாறு பதிவாகும். பழைய வரி அழியாது. விலங்குப் பெயரிடும் விதிகளில் அப்படி ஒன்று இருப்பதைப் பார்த்து எனக்கு ஆச்சரியம். இன்று இந்த இனத்தை முறைப்படி இப்படி எழுத வேண்டும்: யூபாக்குலைட்டிஸ் வஜைனா (ஃபோர்ப்ஸ், 1846). அடைப்புக்குறி அலங்காரத்துக்கு இல்லை. முதலில் வேறு பேரினத்தில் வைத்துப் பெயரிட்டவர் இவர், பிறகு வேறொருவர் இடம் மாற்றினார் என்று அதற்குப் பொருள். மாற்றம் இல்லையென்றால் அடைப்புக்குறியும் இல்லை.

அரியலூர்ச் சுண்ணாம்புச் சுரங்கங்களில் சிமெண்டுக்காகப் பாறை வெட்டிக்கொண்டே இருக்கிறார்கள். பாண்டிச்சேரி சேதராப்பட்டுப் பக்கம், பழைய அறிக்கைகளில் வரும் நிலத்தில் இன்று தொழிற்பேட்டை. குச்சித் துண்டு ஒன்று கிடைத்தால் அதன் லத்தீன் பெயரைத் தேட அவசரமில்லை. பெயர் இன்னும் எத்தனை முறை மாறுமோ. எந்த ஊர், எந்தப் பள்ளம், எந்த அடுக்கு என்று அன்றைக்கே ஒரு சீட்டில் எழுதிக் கல்லோடு கட்டி வைத்தால் போதும். அதை மட்டும் பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது.