ஏரிக்குள் ஒரு மந்திரிசபை

சமூக அறிவியல் புத்தகத்தில் எந்த நாட்டைப் பற்றிய பாடம் வந்தாலும் வரிசை மாறாது. முதலில் நிலம், அடுத்து மக்கள், கடைசியில் ஆட்சி. தி.நகர்ப் பள்ளி ஒன்றில் இந்த வரிசையை நடத்தியே எனக்குத் தலை நரைத்தது. பிரேசில் நாட்டு ஆறுகளை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிற பிள்ளைகளுக்கு, தாங்கள் உட்கார்ந்திருப்பது ஒரு ஏரிக்குள் என்பது தெரியாது. ஒரு கட்டத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அதே மூன்று தலைப்பில் தி.நகரையே பாடமாக எடுக்கத் தொடங்கினேன். தேர்வுக்கு வராத பாடம் என்பதால் வகுப்பு கவனமாகக் கேட்டது.

நிலத்திலிருந்து தொடங்குவோம். நூறு வருஷத்துக்கு முந்தைய மெட்ராஸ் வரைபடத்தை எடுத்துப் பார்த்தால், மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே நீளமாக, சற்றே வளைந்து ஒரு நீர்ப்பரப்பு கிடக்கும். வெள்ளைக்காரர்கள் அதை ‘லாங் டேங்க்’ என்றார்கள். வடக்கே நுங்கம்பாக்கம் ஏரி, தெற்கே மயிலாப்பூர் ஏரி. இரண்டும் சேர்ந்து நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை ஏறத்தாழ 6 கிலோமீட்டர். பட்டணத்தின் மேற்கு எல்லையே அந்தத் தண்ணீர்தான். அதற்கு அப்பால் மாம்பலம் ஒரு கிராமம். மெட்ராஸ் போட் கிளப் அந்த ஏரியில் படகுப் போட்டி நடத்தியிருக்கிறது. இன்று பனகல் பூங்காவுக்கு எதிரே நின்று ஆட்டோவுக்குக் கை காட்டுகிற யாரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள், நம்பமாட்டார்கள்.

நம்பாதவர்களுக்கு ஊரே சாட்சி சொல்லும். நுங்கம்பாக்கத்தில் இன்றைக்கும் ‘லேக் ஏரியா’ என்று ஒரு பகுதி இருக்கிறது; ‘டேங்க் பண்ட் ரோடு’ என்று ஏரிக்கரையின் பெயரில் ஒரு சாலையும் இருக்கிறது. வள்ளுவர் கோட்டம் எழுந்ததும் ஏரி நிலத்தில்தான். அங்கிருந்து தொடங்கும் மாம்பலம் கால்வாய் தி.நகரைக் கடந்து, நந்தனம் வழியாக அடையாற்றில் போய்ச் சேருகிறது. 2021 நவம்பர் மழையில் தி.நகர்த் தெருக்கள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றபோது தொலைக்காட்சிகள் அதிசயப்பட்டன. மேற்கு மாம்பலத்து மூத்தவர்கள் யாரும் அதிசயப்படவில்லை.

ஏரியைத் தூர்த்தது யார், எதற்காக? இங்கேதான் பாடம் நிலத்திலிருந்து ஆட்சிக்குத் தாவுகிறது. மக்களைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்வோம்.

1919ஆம் வருஷச் சட்டம் மாகாணங்களுக்கு ஒரு விசித்திரமான ஆட்சிமுறையைக் கொடுத்தது. புத்தகத்தில் அதற்கு இரட்டை ஆட்சி என்று பெயர். நிதி, காவல், நில வருவாய், நீர்ப்பாசனம் எல்லாம் கவர்னர் கையில். கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி ஆகியவை தேர்ந்தெடுக்கப்பட்ட மந்திரிகள் கையில். பெட்டிச்சாவி ஒருவரிடம், வீட்டு வேலை இன்னொருவரிடம் என்று சொன்னால் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும். காங்கிரஸ் இந்த ஏற்பாட்டை ஏற்காமல் 1920 தேர்தலைப் புறக்கணித்தது. நீதிக்கட்சி போட்டியிட்டு, தேர்தல் நடந்த 98 இடங்களில் 63ஐப் பிடித்தது.

அந்தக் கட்சி பிறந்த கதைக்கு அக்கம்பக்கத்து ஊர்கள் இரண்டும் தேவை. மயிலாப்பூர் வக்கீல்களின் ஊர். ஹைகோர்ட்டிலும் காங்கிரஸ் மேடையிலும் ஒரே முகங்கள் தெரிந்த காலம் அது. 1884 டிசம்பரில் மயிலாப்பூரில் ரகுநாத ராவ் வீட்டில் பதினேழு பேர் கூடித் தேசிய அமைப்பு ஒன்றைப் பற்றிப் பேசினார்கள், காங்கிரஸின் வித்து அதுதான் என்று அன்னி பெசன்ட் எழுதியிருக்கிறார். பெசன்ட் அம்மையார் இருந்தது ஆற்றுக்கு அந்தப் பக்கம் அடையாறில். தியசாபிகல் சொசைட்டி 1882இலேயே அங்கே தோட்டம் வாங்கிக் குடியேறியிருந்தது. 1916 செப்டம்பரில் அவர் ஹோம் ரூல் லீக்கைத் தொடங்கினார். சுயாட்சி வந்தால் அது யார் கைக்குப் போகும் என்ற கேள்வி பிராமணரல்லாத தலைவர்களிடம் அப்போது பெரிதாக எழுந்தது. அதே வருஷம் நவம்பரில் பிட்டி தியாகராய செட்டியார், டாக்டர் டி.எம். நாயர், டாக்டர் சி. நடேசன் மூவரும் தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அதன் ‘ஜஸ்டிஸ்’ பத்திரிகையின் பெயரே கட்சிக்குப் பெயராயிற்று. மயிலாப்பூருக்கும் அடையாறுக்கும் ஆளுக்கொரு அரசியல் இருந்தது. நீதிக்கட்சிக்கென்று அப்படி ஒரு பேட்டை இல்லை.

வென்ற கட்சியின் தலைவர் தியாகராய செட்டியார் முதல் மந்திரி ஆக மறுத்துவிட்டார். சுப்பராயலு ரெட்டியார் சில மாதம் இருந்து விலகியபின், 1921 ஜூலையில் பனகல் ராஜா பொறுப்பேற்றார். 1926 டிசம்பர் வரை அவர் ஆட்சி. அவர் கையில் வைத்திருந்த துறை உள்ளாட்சி. போலீஸ் இல்லை, கஜானா இல்லை. நகராட்சி மட்டும் உண்டு. இருக்கிற அதிகாரத்தை வைத்து என்ன செய்யலாம்? ஊர் கட்டலாம்.

அதற்கான சட்டமும் தயாராக இருந்தது. நகரமைப்பு வல்லுநர் லாஞ்செஸ்டர் மெட்ராஸ் அரசுக்கு ஆலோசகராக இருந்து, இந்நகரின் அமைப்பைப் பற்றி 1918இல் ஒரு புத்தகமே போட்டிருந்தார். 1920இல் நகரமைப்புச் சட்டம் நிறைவேறியது. வடக்கே ஜார்ஜ் டவுனில் மூச்சுமுட்டுகிற நெரிசல். மாம்பலத்தில் ரயில் நிலையம் வந்தாயிற்று. இரண்டுக்கும் நடுவே ஏரி. 1920களில் ஏரியின் தென்பகுதி வடிக்கப்பட்டு, 1923 முதல் 1925 வரையான காலத்தில் புதிய நகர் போடப்பட்டது. நடுவே ஒரு பூங்கா; அதிலிருந்து நாலா பக்கமும் அகலச் சாலைகள். அந்த 1925 ஏப்ரலில் தியாகராய செட்டியார் காலமானார். நகர் அவர் பெயரைப் பெற்றது.

அவர் பெயர் பொருத்தமானதுதான். மெட்ராஸ் கார்ப்பரேஷனின் தலைவராக இருந்தவர் அவர். 1920இல் ஆயிரம்விளக்கில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்டது அவர் தலைமையிலான கார்ப்பரேஷன். பிற்காலத்தில் காமராஜரும் எம்.ஜி.ஆரும் மாநிலம் முழுவதும் விரித்த பந்தலுக்கு முதல் கால் நட்டது ஒரு நகராட்சி. மாகாண அரசோ டெல்லியோ அல்ல.

பாடத்தின் இந்த இடத்தில் பிள்ளைகளைத் தெருவுக்கு அனுப்பிவிடுவேன். பெயர்ப்பலகைகளை எழுதிக்கொண்டு வா, ஒவ்வொருவரும் யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வா. வந்து சேரும் பட்டியல் அநேகமாக அன்றைய ஆட்சியின் வருகைப் பதிவேடாகவே இருக்கும். பூங்கா பனகல் ராஜாவுக்கு. இன்னொரு பூங்கா நடேசனுக்கு. உஸ்மான் ரோடு, கார்ப்பரேஷன் தலைவராக இருந்து, 1934இல் சில மாதம் மாகாணத்தின் தற்காலிக கவர்னராகவும் இருந்த முகமது உஸ்மானுக்கு. ஹபிபுல்லா ரோடு கவர்னரின் நிர்வாக சபை உறுப்பினருக்கு. வெங்கடநாராயணா ரோடு கார்ப்பரேஷன் கமிஷனராக இருந்தவருக்கு. ஜி.என். செட்டி ரோடு கோபதி நாராயணசாமி செட்டிக்கு. போக் ரோடு ஓர் ஐ.சி.எஸ். அதிகாரிக்கு. நாயர் ரோடு மட்டும் கொஞ்சம் வருத்தமானது. டாக்டர் நாயர் 1919 ஜூலையில் லண்டனில் இறந்துபோனார். தம் கட்சி ஆட்சிக்கு வந்ததை அவர் பார்க்கவில்லை.

இப்போது மக்கள். அதே பட்டியலை மொழிவாரியாகப் பிரி என்பேன். பனகல் ராஜா தெலுங்கர். தியாகராய செட்டியார் தெலுங்கு பேசும் நெசவுக் குலத்தவர். நாயர் மலையாளி. நடேசன் தமிழர். உஸ்மானும் ஹபிபுல்லாவும் முஸ்லிம்கள். போக் ஆங்கிலேயர். தமிழ்நாட்டின் ஜவுளிச்சந்தை என்று இன்று சொல்லப்படுகிற ஊரை உருவாக்கியவர்களில் தமிழர் சிலரே. ஆந்திரமும் மலபாரும் தென் கன்னடமும் சேர்ந்திருந்த மெட்ராஸ் மாகாணம் வரைபடத்திலிருந்து மறைந்துவிட்டது. அதன் மக்கள் கணக்கு தி.நகர்த் தெருமுனைகளில் நிற்கிறது.

பாண்டி பஜாருக்கு ஒரு தனி வகுப்பு வேண்டும். பட்டிவீரன்பட்டி ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனாரின் பெயர்தான் சௌந்தரபாண்டியனார் அங்காடி என்று அதிகாரபூர்வமாக வழங்குகிறது. ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்ட மக்களை ஏற்ற மறுக்கும் பேருந்துகளுக்கு உரிமம் கிடையாது என்று உத்தரவு போட்டவர் அவர். இதுவும் ஓர் உள்ளாட்சி மன்றத்தின் அதிகாரம்தான் என்பதைப் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை வகித்தவரும் அவரே. பெயருக்குப் பின்னால் சாதிப்பட்டம் வேண்டாம் என்று அந்த மாநாடு தீர்மானித்தது. ஐம்பது வருஷம் கழித்து எம்.ஜி.ஆர். ஆட்சியில் தெருப்பெயர்களிலிருந்து சாதி ஒட்டு எடுக்கப்பட்டபோது, ஜி.என். செட்டி ரோடு பலகையில் ஜி.என். சாலை ஆனது. ஜனங்கள் வாயில் இரண்டு பெயரும் புழங்குகின்றன.

ஏரி நிலத்தில் வந்து குடியேறியவர்கள் நீதிக்கட்சிக்காரர்கள் மட்டுமல்ல. 1928இல் பனகல் பூங்கா அருகே நல்லி சின்னசாமி செட்டியின் பட்டுக்கடை திறந்தது. 1931இல் பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும், பட்டணத்து வேலை, மாம்பலத்து வீடு என்ற வாழ்க்கை குமாஸ்தாவுக்கும் கைகூடியது. இந்தி பிரசார சபா வந்தது. சினிமாக்காரர்கள் வந்தார்கள், போக் ரோட்டில் இருந்த சிவாஜியின் பெயரே இன்று அந்தச் சாலைக்கு. ராஜாஜி பசுல்லா ரோட்டில் இருந்தார். காமராஜர் திருமலைப்பிள்ளை ரோட்டில் இருந்தார்; 1975இல் காந்தி ஜெயந்தி அன்று அந்த வீட்டில்தான் காலமானார். எம்.ஜி.ஆரின் ஆற்காடு தெரு வீடு இப்போது நினைவில்லம். நீதிக்கட்சி போட்ட நகரில் அதன் எதிரிகளும் வாரிசுகளும் அடுத்தடுத்த தெருவில் வாழ்ந்தார்கள். இன்றைக்கும் மார்க்சிஸ்ட் கட்சியின் மாநில அலுவலகமும் பாரதிய ஜனதாவின் மாநில அலுவலகமும் வைத்தியராமன் தெரு ஒன்றிலேயே இருக்கின்றன. “மிஸ், பால்காரர் ஒருத்தரே ரெண்டு ஆபீசுக்கும் போடுவாரா?” என்று ஒரு பெண் கேட்டாள். அரசியல் அறிவியலில் அவ்வளவு நல்ல கேள்வி எனக்கு அதற்குப் பிறகு வரவில்லை.

இதுவரை சொன்னது பெருமை. பாடத்தின் கடைசிப் பக்கம் அவ்வளவு இனிப்பானதல்ல. நகராட்சி அதிகாரம் ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கட்டப்பட்ட இந்த ஊர், பிறகு நகராட்சி மன்றமே இல்லாமல் எத்தனை காலம் கிடந்தது? 1973இல் மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996இல். ஒரு பிள்ளை பிறந்து, படித்து, வேலைக்குப் போகிற காலம் அது. அவ்வளவு காலமும் நகரை அதிகாரிகளே நிர்வகித்தார்கள். தி.நகரின் வீடுகள் கடைகளாகி, கடைகள் மாடிகளாகி, ரங்கநாதன் தெருவில் தோளோடு தோள் இடிக்காமல் நடக்க முடியாது என்றானது பெரும்பாலும் அந்த வருஷங்களில்தான். என் வீட்டுக்குப் பக்கத்தில் ஜன்னலை மறைத்து ஒரு மாடி எழும்பியது. யாரிடம் போய்ச் சொல்வது என்று தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. கேட்க ஒரு கவுன்சிலர் இருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். கேள்வி கேட்கவாவது ஓர் இடம் இருந்திருக்கும்.

அது பழைய கதை என்று தள்ளவும் முடியாது. 2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. உஸ்மான் ரோட்டில் ஒரு பெரிய ஜவுளிக்கட்டடம் தீப்பிடித்து இடிக்கப்பட்டது 2017இல். பாண்டி பஜாரில் நடைபாதை வளாகம் திறந்தது 2019இல். தி.நகர் தண்ணீரில் நின்றது 2021இல். மூன்றும் நடந்தபோது இந்த ஊருக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாநகராட்சி உறுப்பினர் இல்லை. அந்த 2021 சட்டமன்றத் தேர்தலில் தியாகராய நகர்த் தொகுதியின் வெற்றி வித்தியாசம் வெறும் 137 வாக்குகள். ஓட்டின் மதிப்பை விளக்க எனக்கு அதைவிட நல்ல எண் கிடைத்ததில்லை. ஆனால் அது கோட்டைக்குப் போட்ட ஓட்டு. தெருவுக்குப் போட வேண்டிய ஓட்டு ஐந்து வருஷத்துக்கு மேல் நின்றுபோயிருந்தது.

2022 தேர்தல் நடந்தபோது சென்னை மாநகராட்சியில் 15 மண்டலங்கள், 200 வார்டுகள். தி.நகர் கோடம்பாக்கம் மண்டலத்தில், மயிலாப்பூர் தேனாம்பேட்டை மண்டலத்தில், அடையாறு தன் பெயரிலேயே தனி மண்டலத்தில். இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத்தான் வகுப்பை முடிப்பேன். பிரதமர் யார் என்றால் எல்லாக் கையும் உயரும். முதல்வர் யார் என்றாலும் உயரும். உன் வார்டு எண் என்ன, கவுன்சிலர் யார் என்றால் ஒன்றிரண்டு கை, அதுவும் பாதி உயரத்தில். வீட்டுப்பாடமாக அதைத்தான் கொடுப்பேன். பனகல் ராஜாவின் மந்திரிசபையிடம் பணம் இல்லை, போலீஸ் இல்லை; குப்பை, குடிநீர், பள்ளிக்கூடம், சாலை என்று மற்றவர்கள் சில்லறையாக நினைத்த வேலைகள்தான் இருந்தன. அந்தச் சில்லறையில் ஒரு நகரம் கட்டலாம் என்பதற்குத் தி.நகர் சாட்சி. அந்தச் சில்லறையைக் கவனிக்காமல் விட்டால் அந்த நகரம் என்ன ஆகும் என்பதற்கும் அதுவே சாட்சி.