ஒரு பைசா: வெண்கலமும் அலுமினியமும்

புளிக்குப் பேர்போன கிருஷ்ணகிரிப் பக்கத்தில் பழங்காசு கறுத்துப்போனால் கை முதலில் புளிக்கும் சாம்பலுக்கும்தான் போகும். பித்தளைச் செம்பு தேய்த்துப் பழகிய கை. அந்தப் பழக்கம் எங்கே உதவும், எங்கே கெடுக்கும் என்பதை ஒரே மதிப்புள்ள இரண்டு காசுகளை வைத்துப் பார்க்கலாம்.

1957-இல் வந்த ஒரு நயா பைசா வெண்கலம்; வட்டம்; 1.5 கிராம். 1965-இல் வந்த ஒரு பைசா, அலுமினியத்தோடு மக்னீசியம் சேர்ந்த சதுரம். எடை அதில் பாதி.

வெண்கலத்தில் செம்பு காற்றோடும் ஈரத்தோடும் சேர்ந்து கறுக்கிறது. பிறகு பச்சைக் களிம்பு பிடிக்கிறது. புளியிலுள்ள அமிலம் அதைக் கரைத்துவிடும், உள்ளிருக்கும் உலோகத்தை அதிகம் தொடாது. களிம்பு ஆழமாக இறங்கிய வெண்கலச் சிலைகளைச் சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியல் கூடத்தில் எஸ். பரமசிவன் மின்பகுப்பு முறையில் தெளிவித்தார். அந்த முறையில் தொட்டியில் பெரும்பாலும் இருப்பது காஸ்டிக் சோடாக் கரைசல்.

அதே கரைசலில் அலுமினியக் காசைப் போட்டால் குமிழ்குமிழாக ஹைட்ரஜன் கிளம்பும், காசு கரையும். அலுமினிய உதிரிபாகங்களுக்கு அனோடைசிங் செய்யும் ஓசூர்த் தொழிலாளிக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. காஸ்டிக் தொட்டியில் முக்கியதும் உலோகம் பளபளப்பு இழப்பதை அவர் அன்றாடம் பார்க்கிறார். அலுமினியத்தைக் காப்பது அதன்மேல் தானாகப் படரும், சில நானோமீட்டர் தடிமனே உள்ள ஆக்சைடு தோல். காரம் அதை அரித்துவிடும். சாம்பல், சலவை சோடா, சுண்ணாம்பு மூன்றும் காரம்தான். சாயமேற்றிய அலுமினிய டோக்கன்களின் நிறமும், அனோடைசிங்கில் தடிமனாக வளர்த்த ஆக்சைடு தோலில்தான் தங்கியிருக்கிறது; சோடா பட்டால் நிறமும் போய்விடும்.

கறுத்த அலுமினியப் பாத்திரத்தில் புளித்தண்ணீர் கொதித்தால் பளிச்சென்று ஆகுமே என்று கேட்கலாம். ஆகும். அமிலமும் ஆக்சைடு தோலைக் கரைப்பதால்தான் ஆகிறது. பாத்திரத்துக்கு அதனால் நட்டமில்லை. காசுக்கு அப்படியல்ல: அச்சில் அடித்தபோது வந்த மினுமினுப்பு மேற்பரப்பில்தான் இருக்கிறது, ஒருமுறை போனால் திரும்பாது. வெள்ளையாகப் பூத்த இடத்தைச் சுரண்டினாலும் அடியில் குழிதான் தெரியும்.

பிசுக்கு மட்டும் என்றால் லேசான சோப்புநீர், பிறகு காய்ச்சி வடித்த நீர், மென்மையான துணியில் ஒற்றி உடனே உலர்த்தல். அதற்குமேல் வேண்டாம்.

இன்னொன்று: இரண்டு காசுகளையும் ஒரே டப்பாவில் போட்டு வைக்காதீர்கள். ஈரம் பட்டால், வெண்கலம் ஒட்டிய இடத்தில் அரிபடுவது அலுமினியம்தான்.