மோட்டார் வாகனத் தொழிற்கல்வி, மொன்றியல்

கனடாவின் கியூபெக் மாகாணத்துப் பெருநகரமாகிய மொன்றியலில், மோட்டார் வாகனங்களைப் பழுது பார்க்கும் தொழிலைப் பள்ளியில் முறையாகப் போதிக்கும் ஏற்பாடு. கராஜில் மூத்தவர் கையைப் பார்த்துப் பழகிக்கொள்ளும் வழக்கத்தினின்று இது வேறுபட்டது. அதனினும் மேலானது என்பது இத்தொழிலின் சரித்திரத்தை நோக்குவோர்க்கு விளங்கும்.

தோற்றம்: இம்மாகாணத்தில் தொழிற்கல்வி மோட்டார் வண்டிக்கு முந்தியது. 1872இல் அமைந்த கலை, கைத்தொழிற் சபை, தொழிலாளருக்கு இரவு வகுப்புகளில் சித்திரமும் யந்திர வரைபடமும் கற்பித்துவந்தது. பகல் முழுவதும் உழைத்துக் களைத்தவன் மாலையில் வந்து பென்சில் பிடித்த அவ்வகுப்புகளைப் பின்னாளைய எழுத்தாளர் சிலர் அற்பமாக மதித்தனராயினும், வரைபடத்தைப் படிக்கத் தெரிந்த தொழிலாளர் பரம்பரையொன்று இந்நகரில் உருவாவதற்கு அவையே அஸ்திவாரமிட்டன. 1899 நவம்பர் 21ஆம் நாள், நில வியாபாரியான ஊகால்-ஹென்றி தாந்துரான் என்பார், நீராவியால் இயங்கும் வால்தம் வண்டியொன்றில் நகர மேயர் ரேமோன் பிரெஃபோன்தேனை ஏற்றிக்கொண்டு வீதியில் சென்றபோது மொன்றியல் தன் முதல் மோட்டார் வண்டியைக் கண்டது. அக்காலத்தில் வண்டி பழுதானால் அதைப் பார்க்கவென்று தனித் தொழிலாளர் இலர். கொல்லரும், சைக்கிள் செப்பனிடுவோரும், குதிரை வண்டி செய்வோருமே தத்தம் யூகத்தால் அதைச் சரிசெய்தனர்.

1907இல் பிரதமர் லொமேர் குவேனின் மாகாண சர்க்கார் தொழில்நுட்பப் பள்ளிகளுக்கான சட்டத்தை நிறைவேற்றியது. கல்வி பெரும்பாலும் திருச்சபையின் கைக்குள் இருந்த அந்நாளில், இப்பள்ளிகளை மதகுருமாரின் பொறுப்பில் விடாது, சர்க்காரின் பொருளுதவியுடன் தனி நிர்வாக சபையின்கீழ் வைத்தமை குவேனின் தீர்க்கதரிசனத்துக்குச் சான்றாகும். ஷெர்புரூக் வீதியில் எழுப்பப்பட்ட மொன்றியல் தொழில்நுட்பப் பள்ளி 1911இல் திறக்கப்பட்டது. அந்த விசாலமான கட்டடம் இன்று கியூபெக் பல்கலைக்கழகத்தின் மொன்றியல் கிளைக்கு உரியதாய் நிற்கிறது. உலோகக் கடைசல், கொல்வேலை, வார்ப்பு, மர மாதிரி அமைத்தல், மின்சாரம் ஆகியவை அங்கே பிரதான பாடங்களாயின. மோட்டார்த் தொழிலாளிக்கு வேண்டிய அடிப்படை அறிவு இவற்றுள் அடங்கியிருந்தது.

1945இல் வந்த பயிலுநர் உதவிச் சட்டம், முதலாளிகளும் தொழிலாளரும் கூடித் தொழில்தோறும் பயிற்சி நிலையங்களை நடத்த வழிசெய்தது. 1961இல் நியமனமான பராங் குழுவின் பரிந்துரைகளையொட்டிக் கல்வித்துறை புதுக்கப்பட்டபோது, தொழிற்கல்வி பல்துறை உயர்நிலைப் பள்ளிகளுக்குள் சேர்க்கப்பட்டது. சமத்துவம் கருதிச் செய்த இம்மாறுதலால் கைத்தொழில் தன் தனி மதிப்பை இழந்து, வேறு படிப்புக்கு வழியில்லாதவரின் புகலிடம் என்ற அவப்பெயரைப் பெற்றது. அந்நஷ்டம் இன்னும் முழுமையாக ஈடாகவில்லை.

படிப்பு: இன்று இப்படிப்பை முடிப்போர் பெறுவது மாகாணத் தொழிற்கல்வி டிப்ளோமா, அதன் கால அளவு 1800 மணி நேரம். செயிண்ட்-டெனி வீதியிலுள்ள மோட்டார் உபகரணத் தொழிற்பள்ளியில் பிரெஞ்சிலும், ஆங்கிலப் பள்ளி வாரியத்தைச் சேர்ந்த ரோஸ்மவுண்ட் தொழில்நுட்ப மையத்தில் ஆங்கிலத்திலும் இது கற்பிக்கப்படுகிறது. மாகாண வாசிகளுக்குக் கல்விக் கட்டணமில்லை. புத்தகம், சீருடை முதலியவற்றின் செலவே மாணவருடையது. எஞ்சின், பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன், கியர்பாக்ஸ், மின்சுற்று, எரிபொருள் செலுத்தும் அமைப்பு, கணினி கொண்டு கோளாறு கண்டறிதல் என்பன பாடங்கள். வீதிகளில் பனியை உருக்க உப்புத் தூவும் நகராதலால், அடிச்சட்டமும் பிரேக் குழாய்களும் துருவேறுவது சகஜம். இறுகிப்போன போல்ட்டை முறியாமல் சூடேற்றிக் கழற்றும் சாமர்த்தியமே இங்குத் தொழிலாளியின் தரத்தைப் பலகால் நிர்ணயிக்கிறது. டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயமாகையால், அதற்கு முந்திய வாரங்களில் கராஜ்களில் வேலை குவிகிறது.

தரப் பாகுபாடு: டிப்ளோமா பெற்றதுமே ஒருவர் தேர்ந்த தொழிலாளி ஆகிவிடுவதில்லை. கூட்டு ஒப்பந்தங்களைத் தொழில் முழுவதற்கும் விரிவுபடுத்திய 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த, முதலாளிகளும் தொழிலாளரும் சமமாக அமரும் மொன்றியல் பிரதேச மோட்டார் சேவைத் தொழிற் கூட்டுக்குழுவே தகுதிகாண் பரீட்சைகளை நடத்துகிறது. பயிலுநருக்கு முதலாம் ஆண்டு முதல் நான்காம் ஆண்டு வரை நான்கு படிகளும், அவற்றைக் கடந்த தொழிலாளருக்குச் சி, பி, ஏ என ஏறுமுகமான மூன்று தரங்களும் உண்டு; ஏ தரமே உச்சம். குறைந்தபட்ச ஊதியம் படிநிலைக்கும் தரத்துக்கும் ஏற்ப விதிக்கப்பட்டிருப்பதால், இப்பாகுபாடு தொழிலாளிக்குப் பெருங்காப்பு. பள்ளியில் பயின்ற காலம் பயிலுநர் காலத்தில் கணக்கிடப்படுகிறது.

தமிழர்: 1983க்குப் பின் இந்நகருக்கு வந்த இலங்கைத் தமிழர் கோட்-தெ-நேஜ், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதிகளில் பெருகினர். ஊரில் கராஜ் வேலை பழகி வந்தவருக்குக் கைப்பயிற்சி இருந்தபோதிலும், பிரெஞ்சு மொழி இடையே நின்றது. குடியேறியோர்க்கு மாகாண சர்க்கார் 1969 முதல் நடத்திய மொழிப் பயிற்சி நிலையங்களே பலருக்கு முதற்பள்ளியாயின.

அண்மையில் மின்சார வாகனங்களின் உயர் மின்னழுத்தப் பாதுகாப்பும் பயிற்சியில் இடம்பெற்றுவருகிறது.