வளையல் மலாரம் முதல் ஃபேன்சி ஸ்டோர் வரை: புதுக்கோட்டையில் அழகுப்பொருள் வணிகம்

புதுக்கோட்டை வட்டாரத்தின் வணிக வரலாறு என்றவுடன் நெல்லும் இரும்பும் உப்பும் கடல் கடந்து சென்ற செட்டிநாட்டு மூலதனமுமே நினைவுக்கு வருகின்றன. வளையல், கண்மை, பொட்டு, வாசனைத் தைலம், ரிப்பன், சீப்பு ஆகியவை சில்லறைச் சரக்கு என்று கருதப்பட்டு அந்த வரலாற்றின் ஓரத்திலேயே நின்றுவிட்டன. ஆயினும் இப்பொருள்களின் வணிகம் எக்காலத்தில் செழித்தது, எக்காலத்தில் சுருங்கியது, யார் கையிலிருந்து யார் கைக்கு மாறியது என்று வரிசைப்படுத்திப் பார்த்தால், பெண்கள் தம் வீட்டு வாசலைத் தாண்டி எவ்வளவு தூரம் செல்ல முடிந்தது, யாருடைய பணத்தைத் தம் விருப்பப்படி செலவிட முடிந்தது என்ற பெரிய வரலாறு அதனுள் அடங்கியிருப்பது தெளிவாகும். மூலப்பொருளும் விலையும் விளம்பரமும் இவ்வணிகத்தை மாற்றியது உண்மையே. அவற்றைவிட ஆழமாக அதை மாற்றியது பெண்களின் நடமாட்டம்.

இவ்வட்டாரத்தில் அணிகலன் புழக்கத்தின் தொன்மைக்குத் தொல்லியல் சான்றுகள் உள்ளன. புதுக்கோட்டை நகருக்கு அருகிலுள்ள பொற்பனைக்கோட்டையில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2023-ஆம் ஆண்டு தொடங்கிய அகழாய்வில் தங்க மூக்குத்தியும், சூதுபவளம் எனப்படும் செந்நிறக் கல்லால் ஆன மணியும் கிடைத்தன. சூதுபவளம் இப்பகுதியின் மண்ணில் விளைவதன்று. ஆகவே அந்த மணி ஏதோ ஒரு வணிகத் தொடரின் வழியாகவே இங்கு வந்திருக்க வேண்டும். கி.பி. 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சித்தன்னவாசல் ஓவியங்களில் ஆடும் மகளிரின் கொண்டை அலங்காரமும் கைவளைகளும் காதணிகளும் தீட்டப்பட்டிருக்கும் நுட்பம், அழகுக் கலை அக்காலத்தில் எட்டியிருந்த வளர்ச்சியைக் காட்டுகிறது.

இத்தகைய பொருள்களை நெடுந்தொலைவிலிருந்து கொண்டுவந்தவை வணிகக் குழுக்கள், அதாவது வணிகர்கள் தமக்குள் விதிகள் வகுத்துக்கொண்டு கூட்டாக இயங்கிய அமைப்புகள். கொடும்பாளூரைச் சேர்ந்த மணிக்கிராமத்தாரைக் கல்வெட்டுகள் குறிப்பிடுகின்றன. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற பெருங்குழுவைப் பற்றித் தமிழகத்தில் கிடைத்த தொன்மையான கல்வெட்டுகளுள் ஒன்று இம்மாவட்டத்து முனிசந்தையில் உள்ளது. மாவட்ட எல்லையை அடுத்துள்ள பிரான்மலையின் 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில், வணிகர்கள் கோயிலுக்குத் தாமே விதித்துக்கொண்ட மகமைக்கு, அதாவது சரக்கின் அளவுக்கேற்பச் செலுத்தும் சிறு கட்டணத்துக்கு உரிய பொருள்களாக, மிளகு, மஞ்சள், பாக்கு ஆகியவற்றோடு சந்தனமும் அகிலும் பன்னீரும் பிற வாசனைப் பொருள்களும் வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. ஒப்பனைச் சரக்கு தனிக்கடையில் விற்கும் தனிவகையாகப் பிரியாமல், பிற பண்டங்களோடு ஒரே பொதியில் பயணம் செய்த காலம் அது.

அந்தச் சரக்கை இறுதியில் பெண்களின் கையில் சேர்த்தவர்கள் ஊர் ஊராக நடந்த வளையல்காரர்கள். வளையல்களை அளவு வாரியாகக் கயிற்றில் கோத்துக் கட்டிய கட்டுக்கு மலாரம் என்று பெயர். மலாரத்தைத் தோளில் சுமந்து வந்த வணிகர் திண்ணையில் அமர்ந்து, கையைப் பிசைந்து இளக்கி, கண்ணாடி உடையாமல் வளையலை ஏற்றிவிட்டார். வசதியான குடும்பங்களின் பெண்கள் கடைவீதிக்குச் செல்வது வழக்கமில்லாதிருந்த சமூகத்தில், அந்நிய ஆணாயினும் பெண்களின் கையைத் தொட்டு வளையல் அணிவிக்க இவருக்கு இருந்த அனுமதி குறிப்பிடத்தக்கது. வளைகாப்பு போன்ற சடங்குகளில் அவருக்குத் தனி மரியாதையும் வெற்றிலை பாக்குடன் அரிசியும் பணமும் உண்டு. வயலிலும் கல்லுடைப்பிலும் உழைத்த பெண்களோ வாரச் சந்தைகளிலும், நார்த்தாமலை, கொன்னையூர், திருவப்பூர் மாரியம்மன் கோயில் திருவிழாக் கடைகளிலும் தாமே பேரம் பேசி வாங்கினர். நரிக்குறவர் சமூகத்துப் பெண்கள் கோத்து விற்ற பாசிமணி மாலைகளும் ஊசிகளும் சந்தைகளுக்கும் தெருக்களுக்கும் ஒருங்கே சென்றன. ஆக, ஒரே சரக்கு மேல்தட்டுப் பெண்ணைத் தேடி நடந்தது; உழைக்கும் பெண்ணோ சரக்கைத் தேடி நடந்தாள்.

தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தான ஆட்சிக் காலத்தில் நிலையான கடைவீதி இவ்வணிகத்தில் முக்கியத்துவம் பெற்றது. 1878-இல் திவானாகப் பொறுப்பேற்ற அ. சேஷையா சாஸ்திரியின் காலத்தில் புதுக்கோட்டை நகரம் ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டும் நேரான தெருக்களுடன் சீரமைக்கப்பட்டது. அரண்மனையைச் சூழ்ந்த ராஜ வீதிகள் வணிகத்தின் மையமாயின. சமஸ்தானத்துக்கே உரிய அம்மன் காசு ஓர் அணாவின் இருபதில் ஒரு பங்கு மதிப்புடையதாக இருந்தது. நவராத்திரியில் அரிசியோடு தானமாக வழங்கப்பட்ட அந்தச் சிறு செப்புக்காசு, மிகச் சிறிய கொள்முதலையும் இயலச் செய்தது. 1929-இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து ரயில் வந்த பின், துறைமுகங்களில் இறங்கிய அயல்நாட்டுச் சரக்கு விரைவாக இங்கு வந்து சேர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்குள் பெருமளவில் வந்த கண்ணாடி வளையல்களும் மணிகளும் ஆஸ்திரியா-ஹங்கேரியின் பொகீமியாவிலும் ஜப்பானிலும் செய்யப்பட்டவை. முதல் உலகப் போர் ஐரோப்பிய வரத்தைத் தடுத்ததும் ஜப்பானின் பங்கு உயர்ந்தது. உத்தரப் பிரதேசத்தின் பிரோசாபாத் காலப்போக்கில் நாடு முழுமைக்கும் வளையல் அனுப்பும் நகரமாக வளர்ந்தது. ராயவரம், அரிமளம், பொன்னமராவதி முதலிய ஊர்களில் நகரத்தார் எனப்படும் செட்டிநாட்டு வணிகர்களின் வீடுகளில் சீர்வரிசைக்கென வாங்கப்பட்ட அயல்நாட்டுக் கண்ணாடிகளும் பீங்கானும், பர்மாவில் அவர்கள் நடத்திய தொழிலின் வருவாய் இருந்தவரை இச்சந்தைக்கு வலுவூட்டின; 1942-இல் ஜப்பான் பர்மாவைக் கைப்பற்றியதும் அந்த ஊற்று வற்றியது.

1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியானது. 1974 ஜனவரி 14 அன்று, தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட அறந்தாங்கிப் பகுதியையும் சேர்த்துக்கொண்டு தனி மாவட்டம் உருவாயிற்று. இக்காலத்தில்தான் ஃபேன்சி ஸ்டோர் என்ற கடைவகை வேரூன்றியது. வளையல் கடை, வாசனைப் பொருள் கடை, நூல்-ரிப்பன் கடை, சிதம்பரம் கவரிங் நகை விற்ற கடை ஆகியவை தனித்தனியே விற்றவற்றை ஒரே கூரையின்கீழ் வைத்தது இதன் புதுமை. சாந்துப்பொட்டு ஸ்டிக்கர் பொட்டுக்கு இடம்விட்டது. சவுரிமுடியும் ஜடைக்குஞ்சமும் கிளிப்புக்கும் ஹேர்பேண்டுக்கும் அருகில் தொங்கின. 1952-இல் டாடா குழுமம் தொடங்கிய லாக்மே போன்ற நிறுவனங்களின் சரக்கு நடுத்தர வர்க்கத்துப் பெண்களுக்கு எட்டியது எனினும், சிற்றூரின் கடையை உண்மையில் மாற்றியது பாக்கெட் என்னும் சிறு உறை. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் முன்னோடியாக அறிமுகப்படுத்திய இம்முறையைப் பின்பற்றி, அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் பதினைந்தாயிரம் ரூபாய் முதலீட்டில் சிக் ஷாம்பூவைத் தொடங்கினார். பின்னாளில் அது ஐம்பது காசுக்கு விற்றபோது, அன்றாடக் கூலி பெறும் பெண்ணும் அன்றைய கூலியிலிருந்தே அதை வாங்க முடிந்தது. அம்மன் காசின் காலத்தில் நாணயம் சிறுத்ததால் கிடைத்த வசதி, இப்போது பொருள் சிறுத்ததால் கிடைத்தது.

வாங்கும் திறனைப் போலவே கடையை அடையும் திறனும் மாறியது. 1990-களின் தொடக்கத்தில் மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் நடந்த அறிவொளி இயக்கம், எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுவதையும் பெண்களுக்குக் கற்பித்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றனர் என்று இதழாளர் பி. சாய்நாத் பதிவுசெய்தார். கல்குவாரித் தொழிலாளர்களான பெண்கள் குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்திய மாவட்டம் இதுவே. பேருந்துக்கோ ஆண் துணைக்கோ காத்திராமல் ஆலங்குடிக்கும் கீரனூருக்கும் தாமே சென்று திரும்பக் கற்ற ஒரு தலைமுறைக்கு, திண்ணையில் வந்து அமரும் வளையல்காரர் தவிர்க்க இயலாதவர் அல்லர். அடுத்த பத்தாண்டுகளில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் பரவியதும், அவற்றின் சிறுகடன் பெண்கள் தாமே கடை தொடங்கும் வழிகளுள் ஒன்றாயிற்று. கல்லாவின் இருபுறமும் பெண்கள் இருந்தமையே ஃபேன்சி ஸ்டோரைப் பிற கடைகளிலிருந்து வேறுபடுத்தியது.

இதே காலத்தில் பெருநகரங்களில் சங்கிலித்தொடர் கடைகள், அதாவது ஒரே நிறுவனத்தின் பெயரில் ஒரே அமைப்பில் பல ஊர்களில் நடப்பவை, எழுந்தன. அழகுப்பொருளுக்கென்றே அமைந்த ஹெல்த் அண்ட் குளோ 1997-இல் சென்னையில் தொடங்கியது. 1998-இல் லாக்மேயை இந்துஸ்தான் லீவருக்கு விற்ற டாடா குழுமம், டிரென்ட் நிறுவனத்தின் வழியே சங்கிலித்தொடர் ஆயத்த ஆடைக் கடைகளுக்குள் நுழைந்தது. 2012-இல் தொடங்கிய நைகா என்ற நிறுவனம் அழகுப்பொருள்களை முதலில் இணையத்தில் விற்றுப் பின்னர் நேரடிக் கடைகளையும் திறந்தது. இக்கடைகளுக்குப் பல ஊர்களுக்கும் சேர்த்து மொத்தமாகப் பேரம் பேசும் வலிமை உண்டு. கிராமத்து ஃபேன்சி ஸ்டோரோ இரண்டு மூன்று இடைத்தரகர்களைக் கடந்து வரும் சரக்கையே வாங்க வேண்டியுள்ளது. 2018 நவம்பர் 16 அன்று வீசிய கஜா புயல் தென்னையையும் பலாவையும் சாய்த்து வேளாண் வருவாயை முறித்தது. 2020 மார்ச்சில் தொடங்கிய பொதுமுடக்கம் பங்குனித் திருவிழாக்களையும் அவற்றை நம்பிய கடைகளையும் நிறுத்தியது. செல்பேசியில் பொருள் வாங்கும் வழக்கம் வேகம் பெற்றதும் அப்போதுதான்.

பழைய ஒப்பனைக்கும் புதிய ஒப்பனைக்கும் இடையிலான வேறுபாடு வரிச் சட்டத்திலும் பதிந்துள்ளது. 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது குங்குமம், பொட்டு, கண்ணாடி வளையல் ஆகியவற்றுக்கு வரி விலக்கு அளிக்கப்பட்டது. ஷாம்பூவுக்கும் முகப்பூச்சுகளுக்கும் 28 விழுக்காடு விதிக்கப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் ஷாம்பூ, தலை எண்ணெய், முகப்பவுடர் ஆகியவற்றின் வரி 5 விழுக்காடாயிற்று. ஒருகாலத்தில் ஆடம்பரமாக மதிப்பிடப்பட்டவை அன்றாடத் தேவைகளாகச் சட்டத்தாலும் ஏற்கப்பட்டதன் அடையாளம் இது.

இன்று கூரியர் பையில் வீட்டு வாசலுக்கு வரும் சரக்கைக் கண்டு வளையல்காரரின் காலம் திரும்பிவிட்டது என்று கருதுவது பொருந்தாது. வளையல்காரர் கொண்டுவந்ததே பெண்ணின் தேர்வாக இருந்தது. இன்று தேர்வின் பரப்பு எல்லையற்று விரிந்திருக்கிறது. எனினும் ஒரு கிளிப்பைத் தனியாக விற்பது, மாதக் கடைசியில் கடன் சொல்ல இடம் தருவது, வளையலின் அளவைக் கையைப் பார்த்தே சொல்வது ஆகியவற்றைச் சங்கிலித்தொடர் கடையும் இணையக் கடையும் செய்வதில்லை. இவற்றுக்கும் மேலாக, இம்மாவட்டத்துப் பெண்கள் தம் சொந்தக் கால்களால் வந்து சேர்ந்து, தமக்கென்று உருவாக்கிக்கொண்ட பொது இடங்களுள் ஃபேன்சி ஸ்டோரும் ஒன்று. அதன் இடம் சுருங்குமானால், இழப்பை விற்பனைக் கணக்கால் மட்டும் அளந்துவிட முடியாது. கோயில்களையும் கோட்டைகளையும் பதிவுசெய்யும் அதே அக்கறையோடு இக்கடைகளின் வரலாற்றையும் பதிவுசெய்வது புதுக்கோட்டையின் சமூக வரலாற்றை எழுதுவோரின் கடமையாகும்.