கிரேஸ் இன் முதல் பம்பாய் வரை: அண்ணல் திறந்த வாயில்

சட்டம் கற்றோர் அனைவரும் வழக்குரைத்துவிட இயலாது. பட்டம் ஒரு வாயில். வழக்கறிஞர் பதிவேட்டில் பெயர் ஏறுவது இரண்டாம் வாயில். இவ்விரண்டாம் வாயிலின் தாழ்ப்பாள் பெரும்பாலும் பணமே என்பதை அண்ணல் அம்பேத்கரின் வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

பரோடா மன்னரின் உதவித்தொகையால் 1913இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்ற அண்ணல், 1916இல் இலண்டன் வந்து கிரேஸ் இன் என்னும் வழக்கறிஞர் மன்றத்தில் சேர்ந்தார். இங்கிலாந்தில் ஒருவரைப் பாரிஸ்டராக்கும் உரிமை இத்தகைய நான்கு மன்றங்களுக்கே உண்டு. தேர்வில் தேறுவதோடு, பருவந்தோறும் மன்றக் கூடத்தில் ஏனைய உறுப்பினருடன் அமர்ந்து உணவருந்தவும் வேண்டும் என்பது அன்றைய விதி. பள்ளியில் தண்ணீர்ப் பானையைத் தொடவும் தடுக்கப்பட்ட சிறுவர், வளர்ந்து அக்கூடத்தில் சரிசமமாக அமர்ந்தார்!

உதவித்தொகை முடிந்தமையால் 1917இல் அவர் படிப்பை இடையில் விட்டுத் திரும்ப நேர்ந்தது. பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகிச் சேமித்த பணம், கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜின் உதவி, பார்சி நண்பர் நேவல் பத்தேனாவின் கடன் ஆகியவற்றைக் கொண்டு 1920இல் மீண்டும் கப்பலேறினார். 1922இல் பாரிஸ்டரானார். ஆயினும், தாயகம் திரும்பியபின் வழக்குரைக்கும் சன்னது பெறக் கட்டணம் செலுத்தக் கையில் பணமில்லை. அப்போதும் பத்தேனாவே உதவினார். 1923 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் அண்ணல் தொழிலைத் தொடங்கினார்.

அவ்வாயிலின் இன்றைய நிலையை நம் இளைஞர் அறிந்திருத்தல் வேண்டும். 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டப்படி, 1976 டிசம்பர் 31க்குள் பாரிஸ்டரானவர்க்கே அத்தகுதி கொண்டு நேரே பதிவு பெறும் உரிமையுண்டு. இன்று அயல்நாட்டில் சட்டம் பயின்று வரும் இந்தியர், இந்தியப் பார் கவுன்சில் ஏற்ற பட்டம் பெற்றிருப்பதோடு, அது நடத்தும் தகுதித் தேர்விலும் தேறல் வேண்டும்.

இங்கே கற்று அயல்நாடு செல்வோர்க்கும் வழியுண்டு. இங்கிலாந்தில் சொலிசிட்டர் ஆவதற்கான பொதுத் தேர்வு 2021 முதல் நடைபெறுகிறது. பிற நாட்டு வழக்கறிஞரும் அதை எழுதலாம். நம்மைப் போன்று ஆங்கிலேயச் சட்ட மரபுடைய நாடுகளில் மூன்றாண்டு முழுநேரச் சட்டக் கல்வி முடித்தோரை, சான்றுகளை ஆராய்ந்தபின், நியூயார்க் மாநிலம் தேர்வெழுத விடுகிறது. கல்விக் காலத்திலோ மரபிலோ ஒன்றில் குறையுடையோர் அமெரிக்காவில் எல்.எல்.எம். பயின்று அதை நிறைவு செய்யலாம்.

கட்டணமும் இன்று பழைய மலையன்று. பட்டியலினத்தாருக்குச் சட்டம் குறித்த பதிவுக் கட்டணம் 125 ரூபாயே, பிறர்க்கு 750. மாநிலப் பார் கவுன்சில்கள் இதற்குமேல் பல்லாயிரம் பெற்று வந்தது செல்லாதென உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 30இல் தீர்ப்பளித்தது. முதுநிலைப் படிப்புக்கு அயல்நாடு செல்லும் நம்மவர்க்கென நடுவண் அரசின் உதவித்தொகை 1954-55 முதல் உள்ளது. தேனியில் 2019இல் அரசு சட்டக் கல்லூரியும் தோன்றிவிட்டது.

கூடலூரிலிருந்து குமுளி மலையேறி ஏலத்தோட்டங்களில் உழைக்கும் பெற்றோரின் பிள்ளைகளே! கடன்பட்டு அயல்நாடு செல்லுமுன், அப்பட்டம் எந்த நாட்டின் பதிவேட்டில் ஏறும் என்று கேட்டறியுங்கள். அண்ணலுக்கு ஒரு பத்தேனா வாய்த்தார். நம் பிள்ளைகளுக்கு இக்கல்விச் சங்கமே பத்தேனாவாக நிற்றல் வேண்டும். வெள்ளி விழாவில் நாம் ஏற்கத்தக்க உறுதிமொழி இதனினும் வேறுண்டோ?